கஞ்சாவுக்கு மலையகத்தின் மழை ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடும் திட்டம் பற்றிய செய்திகள் வரத் தொடங்கிய நாள் முதல், கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் மலையகத் தேயிலை நிலங்களில் அதனை விதைத்தால் தோட்டமும் பிழைக்கும், தோட்டத்து இளைஞர்களும் வேலை தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியிராது என்ற கருத்து கூட்டங்களிலும் பத்திரிகைப் பத்திகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. ஒழுக்கத்தையும் கலாசாரத்தையும் முன்வைத்து இதனை எதிர்ப்போர் பலர் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றியவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி வேறு. இந்தச் செடி நமது மழையிலும் குளிரிலும், திறந்த வெளியில், விதையிலிருந்து முளைத்து வளர்ந்து, மருந்துக்கு விற்கத்தக்க பூவைத் தருமா என்பதே அது. தராது என்பது என் கணிப்பு.

சட்ட நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றமாகும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் வழியாகச் சுதேச வைத்தியத்துக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பொலிசார் கைப்பற்றும் கஞ்சாவே நீதிமன்ற உத்தரவின் பேரில் ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. 2023ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்ட உரையில் ஏற்றுமதி யோசனை முன்வைக்கப்பட்ட பின்னர், முதலீட்டுச் சபையின் மேற்பார்வையில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இடம் கொடுப்பது என்ற அளவுக்கு விடயம் நகர்ந்து, மீரிகமவில் காணியும் ஒதுக்கப்பட்டது. லயத்துக்குப் பின்னால் ஒரு செடி வைத்திருப்பவர் மீது வழக்கு இன்றும் பாயும். இதனை மறந்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது பொறுப்பான செயல் அன்று.

இனி வேளாண்மைக்கு வருவோம். ஐரோப்பாவின் குளிர்ந்த, மழை பெய்யும் நாடுகளிலேயே இது வளர்கிறது, நுவரெலியாவில் ஏன் வளராது என்று கேட்பவர்கள், வெப்பமானியைப் பார்க்கிறார்களே ஒழியக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கஞ்சா குறுநாள் தாவரம். பகல் நீண்டிருக்கும் வரை தண்டும் இலையுமாக வளர்ந்து, பகல் குறுகி இரவு நீளத் தொடங்கியதும் பூக்கும் இயல்புடையது. நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகையான நார்ச்சணலை ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பயிரிடும் பிரான்சில், ஏப்ரல், மே மாதங்களில் விதைத்த செடிக்கு ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் கிடைக்கிறது. ஆகவே அது ஆளுயரத்தைத் தாண்டி வளர்கிறது. நாம் இருப்பதோ பூமத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே. நமது மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணித்தியாலம், மிகக் குறுகிய பகல் பதினொன்றே முக்கால் மணித்தியாலம். ஆண்டு முழுவதும் எடுத்துப் பார்த்தாலும் வேறுபாடு முக்கால் மணித்தியாலந்தான். அந்த நாட்டு விதையைக் கொண்டுவந்து கந்தப்பளையிலோ இராகலையிலோ ஊன்றினால், அது முளைத்த சில வாரங்களிலேயே இலையுதிர்காலம் வந்துவிட்டதாகக் கொண்டு, முழங்கால் உயரத்திலேயே பூத்து முடிந்துவிடும். நாருக்காக வளர்த்தாலும் இதே கதைதான். குட்டைத் தண்டில் எவ்வளவு நார் இருக்கப் போகிறது?

அப்படியானால் நமது நாட்டு விதையையே போடலாமே என்பது அடுத்த வாதம். பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய விதை இங்கே உண்டு என்பது மெய். ஆனால் அது எங்கே விளைகிறது என்பதைப் பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்திகளே காட்டுகின்றன. தணமல்வில, வெல்லவாய, எம்பிலிப்பிட்டிய என்று வருபவை யாவும் உலர் வலயச் சேனைக் காடுகள். மறைந்து பயிரிடுவதற்கு மலைநாட்டில் காட்டுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் களவாகச் செய்பவர்கள்கூட மலையேறி வராததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெப்ப மண்டல வகைகள் பூக்கத் தொடங்கிய பிறகு முற்றுவதற்கு மூன்று மாதம், சில வேளை அதற்கும் மேலே எடுக்கும். அந்த மூன்று மாதமும் பூ நனையாமல் இருக்க வேண்டும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வாழ்பவர்களிடம் மூன்று மாதம் தொடர்ச்சியாக நனையாத காலம் எது என்று கேட்டால் சிரிப்பார்கள். நுவரெலியாவில் ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஓரளவு காய்வான இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் பூ முற்ற வேண்டுமானால், நாற்று ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் பிழைக்க வேண்டும். பிழைத்தது பூக்கும் நேரத்தில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளின் உறைபனி காத்திருக்கிறது. உருளைக்கிழங்கு இலை ஒரே இரவில் வெந்தது போலக் கருகிப் போவதைப் பார்த்த எந்தக் கமக்காரரும் அந்தப் பந்தயத்தில் பணம் கட்டமாட்டார்.

பூ நனையக்கூடாது என்று சொன்னதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கஞ்சாவில் மருந்தாவது பெண் பூங்கொத்தின் நுண்ணிய சுரப்பி மயிர்களில் ஊறும் பிசின். பூங்கொத்து எவ்வளவு தடித்து நெருங்கி இருக்கிறதோ அவ்வளவுக்குப் பெறுமதி. அவ்வளவுக்கு அதன் உள்ளே ஈரமும் தங்கும். அந்த ஈரத்தில் வருவது சாம்பல் பூஞ்சணம். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி செய்பவர்கள் அதனை நன்றாக அறிவார்கள். பொட்ரைட்டிஸ் சினேரியா என்ற அதே பங்கசுதான். மாலையில் சிவந்து பளபளத்த பழத்தின் காம்புப் பக்கம் காலையில் பழுப்பாக மெலிந்திருக்கும், இரண்டு நாளில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் மென்மயிர் படரும், பறிக்க விரல் வைத்தால் புகைபோல் வித்திகள் கிளம்பிப் பக்கத்துப் பழங்களில் இறங்கும். ஸ்ட்ரோபெரியில் அந்த அழுகல் கண்ணுக்குத் தெரிகிறது; பொறுக்கி எறிந்துவிடலாம். கஞ்சாப் பூங்கொத்தில் அது நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கி வருகிறது. வெளியே ஓர் இலை மட்டும் வாடித் தொங்கும்; கொத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே முழுவதும் பொடியாகியிருக்கும். ஐரோப்பாவில் செப்டெம்பர், ஒக்டோபர் மழைக்கு முன் அறுவடையை முடிக்க அவசரப்படுவதும் இதற்காகத்தான். நமக்கோ மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை, டிசம்பரில் வடகீழ் மழை. இடையில் மழை விட்டாலும் மூடுபனி விடுவதில்லை.

மருந்து தெளிக்கலாமே என்பார்கள். மரக்கறித் தோட்டத்தில் பழக்கப்பட்ட கை உடனே பங்கசுநாசினிப் பொதியைத்தான் தேடும். ஆனால் மருத்துவக் கஞ்சாவை வாங்கும் நாடுகள், பூஞ்சண எண்ணிக்கை, நாசினி எச்சம், பார உலோகங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தில் சோதித்த பின்னரே உள்ளே விடுகின்றன. இச்செடி மண்ணிலுள்ள கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கட்மியமும் கலந்து வரும் பொசுபேற்று உரம் ஆண்டுக்கணக்காக அளவுக்கு மீறிக் கொட்டப்பட்ட நமது மரக்கறி நிலங்களுக்கு இது நல்ல செய்தி அன்று. கேரளத்தின் இடுக்கி மலைகளில் விளையவில்லையா என்று கேட்கலாம். அங்கே டிசம்பர் பிறந்தால் மழை ஓய்ந்து, மாதக்கணக்கில் வெயில் காய்கிறது என்பது ஒருபுறமிருக்க, களவாக விற்பவனின் சரக்கை எவரும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதில்லை.

விதை என்ற விடயத்துக்கும் வருகிறேன். குளிர்ந்து நனைந்த மண்ணில் நாற்று அடியழுகிச் சாய்வது கோவா, லீக்ஸ் நாற்றுமேடை போட்டவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கஞ்சா நாற்றும் அதற்கு விலக்கன்று. தேயிலை வாழ்ந்த மண்ணின் புளிப்பு இதற்கு ஆகாது என்பதால் டொலமைட் இட்டுத் திருத்த வேண்டும், அதுவும் ஒரு போகத்தில் முடிகிற காரியம் அன்று. இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. சாதாரண விதையில் பாதி ஆண் செடியாக வரும். ஆண் செடியின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் போகும். அது பட்ட பெண் பூ விதை கட்டத் தொடங்கிவிட்டால் பிசின் குறைந்துபோகும். பெண் செடி மட்டும் தரும் விதை விலைக்குக் கிடைக்கிறது என்றாலும், செடிக்குச் செடி குணம் மாறுவதை அது தடுப்பதில்லை. விதைத் தேயிலைக்கும், தண்டு வெட்டி நட்டு வளர்க்கும் வீ.பீ. தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டி.ஆர்.ஐ. 2025 என்ற வீ.பீ. இனம் ஒரு மலை முழுவதும் ஒன்றுபோல் தளிர்ப்பதும், பக்கத்து விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி இலையின் அளவும் நிறமும் மாறுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். மருந்துக் கம்பனிகள் கேட்பது அந்த ஒருமைப்பாட்டையே. ஆகவேதான் அனுமதி பெற்ற உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டித் நாற்றுமேடையில் வேர்பிடிக்க வைத்து, கூரையின் கீழ் வளர்க்கிறார்கள். 2017இல் ஆபிரிக்காவிலேயே முதலாவதாக மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்த லெசோத்தோ நம்மைப் போன்ற மலைநாடுதான்; அங்கும் ஏற்றுமதிக் கம்பனிகள் நம்பியது பச்சை வீடுகளைத்தான்.

கூரை வந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. பச்சை வீடு, செயற்கை விளக்கு, காற்றீரத்தைக் குறைக்கும் இயந்திரம், பாதுகாப்பு வேலி, கண்காணிப்புக் கமரா, ஆய்வுகூடம் என்று முதல் போட வேண்டும். பறித்த பூவை உலர்த்துவதற்கே வெப்பக் காற்று இல்லாமல் இந்த ஊரில் முடியாது. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளின் வாட்டும் மாடிகள் அதற்குப் பயன்படும் என்று ஒரு நண்பர் சொன்னார், யோசனையில் தவறில்லை. ஆனால் இத்தனையும் செய்யக்கூடியவர் யார்? சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கிடைக்காமல் அலையும் தோட்டக் குடும்பம் அன்று. அக்குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது வேலிக்குள்ளே ஒரு கூலி வேலை. கூரையின் கீழ் நடக்கும் பயிருக்கு, ஆயிரக்கணக்கானோரைக் கேட்கும் தேயிலையைப் போல் ஆள் பலம் தேவைப்படுவதுமில்லை.

சந்தையைப் பற்றியும் ஒரு சொல். மருந்துப் பயிரை நம்பி மலையகம் இறங்குவது இது முதல் தடவை அன்று. 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே குயினைன் தரும் சிங்கோனாவைப் பரீட்சிக்கத்தான். இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபோது துரைமார் கூட்டங் கூட்டமாகச் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1880களில் உலகச் சந்தையில் இலங்கைப் பட்டை குவிந்து விலை விழுந்தது. அதற்குள் ஜாவாவில் சத்து மிகுந்த இனம் வந்துவிட, மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். கஞ்சாவிலும் இதன் அறிகுறிகள் தெரிகின்றன. 2018இல் சட்டபூர்வமாக்கிய கனடாவில் தேவைக்கு மீறி விளைந்து பச்சை வீடுகள் மூடப்பட்டன. 2022இல் கட்டுப்பாட்டை நீக்கிய தாய்லாந்து 2025இல் மீண்டும் வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பியது.

சரிவான தேயிலை நிலத்தில் சில மாதங்களில் அறுவடையாகும் பயிர் வைப்பதன் விளைவையும் மறக்கக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது எந்தச் சரிவுகள் இறங்கின என்பதை நாம் கண்ணால் கண்டோம். தரிசு என்று பெயர் சொல்லப்படும் நிலத்தில் இன்று நிற்கும் மானாப் புல்லும் புதரும் மண்ணைப் பிடித்துக்கொண்டாவது இருக்கின்றன. அதனை உழுது, ஆண்டுக்கு இரண்டு தடவை வெறுமையாக்கினால் அந்த மண் பொல்கொல்லை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேரும்.

இத்தனைக்குப் பிறகும் அரசாங்கம் மலைநாட்டில் இதனைப் பார்த்தே தீருவது என்றால், பார்க்க வேண்டிய இடம் நுவரெலியாவோ அம்பகமுவவோ அன்று. ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசி வரண்டிருக்கும் வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கத்தில், விவசாயத் திணைக்களமும் ஆயுர்வேதத் திணைக்களமும் சேர்ந்து, உரிய அனுமதியோடு, அரசாங்கப் பண்ணை ஒன்றின் வேலிக்குள் சிறு பரப்பில் இரண்டு மூன்று போகம் செய்து பார்க்கட்டும். எந்த இனம், எப்போது விதைத்தது, எத்தனை செடி அழுகியது, ஆய்வுகூட அறிக்கை என்ன சொன்னது, ஏக்கருக்கு என்ன செலவு என்ற விவரங்களை மூன்று மொழிகளிலும் வெளியிடட்டும். இரசாயன உரத்தை 2021இல் ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய அனுபவம் நமக்கு இருக்கிறது. ஆகவே அந்தப் பரீட்சார்த்தப் பயிர்ச்செய்கையின் விவரங்கள் வெளிவரும் வரை, தோட்டக் காணிகளைக் கஞ்சாவுக்கெனக் குத்தகைக்கு விடுவது பற்றிய பேச்சு எதனையும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆதரிக்கக்கூடாது என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கந்தப்பளை.