விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் உன் மடிக்கணினியின் கதையே இருந்ததால், நானும் மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, நீ கேட்டவற்றுக்கே பதில் எழுதுகிறேன். விண்டோஸ் 11ஐ நிறுவ உன் மடிக்கணினி மறுக்கிறது, விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். நான் லினக்ஸுக்கு முழுமையாக வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வந்த புதிதில் எல்லோரையும் மாற்றிவிட வேண்டும் என்று தோன்றிய ஆவேசம் தணிந்துவிட்டது. எனவே இப்போது நான் சொல்வதை நீ ஓரளவு நம்பலாம்.

உன் கணினியில் பழுது எதுவும் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உன்னுடையது அதற்கு முந்தையது என்பதால்தான் அந்த மறுப்பு வருகிறது. அதே செயலியில், எட்டு ஜிபி நினைவகத்துடன், லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் நன்றாக ஓடும். மாறுவதற்கு இது நல்ல காரணம்தான். ஆனால் விண்டோஸின் மீதுள்ள கோபத்தில் ஒரே இரவில் மாறியவர்கள் அதே வேகத்தில் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் இயங்குதளத்தைத் தொடும் முன் மென்பொருள்களை மாற்று. உலாவியான பயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், காணொளிக்கு விஎல்சி, படங்களைத் திருத்தக் கிம்ப் ஆகிய எல்லாமே விண்டோஸிலும் ஓடுபவை. இப்போதிருக்கும் கணினியிலேயே அவற்றை நிறுவி, அன்றாட வேலைகள் அனைத்தையும் அவற்றிலேயே செய்து பழகு. உனக்கு எங்கே இடிக்கிறது என்பது, திரும்பிச் செல்ல வழி இருக்கும்போதே தெரிந்துவிடும். பிறகு அடியில் இருக்கும் தளம் மாறும்போது, மேலே நீ புழங்கும் சாளரங்கள் பழகியவையாகவே இருக்கும். மாற்றம் கடினமாவதற்குப் பெரும்பாலும் இயங்குதளம் காரணமன்று. இருபது புதிய மென்பொருள்களை ஒரே நாளில் கற்க நேர்வதுதான் காரணம்.

இதில் மழுப்பாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பக்க வடிவமைப்புக்கு நீ பயன்படுத்தும் இன்டிசைனுக்கும், போட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற திட்டம் 1993 முதல் வளர்ந்து வருகிறது; அதை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான், கணினி விளையாட்டுகளின் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டது. ஆனால் இன்டிசைனையும் போட்டோஷாப்பையும் வெளியிடும் அடோபியின் புதிய பதிப்புகளை வைனில் ஓட்டிப் பிழைப்பு நடத்தலாம் என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். அந்த வேலை தொடரும்வரை விண்டோஸை வட்டின் ஒரு பகுதியில் வைத்துக்கொண்டு, இணையத் தொடர்பின்றி அதற்கு மட்டும் பயன்படுத்து.

எந்த வழங்கலை, அதாவது லினக்ஸின் எந்த ஆயத்தத் தொகுப்பை, தேர்வது என்று நீ பெரிதாகக் குழம்பியிருக்கிறாய். உண்மையில் அவற்றுக்கிடையிலான வேறுபாடு வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றுமளவு பெரிதன்று. தளத்தின் மையக்கருவான கெர்னல் எல்லாவற்றிலும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியதுதான். அதைச் சுற்றியுள்ள கருவிகளில் பல, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. எவ்வளவு அடிக்கடிப் புதிய பதிப்பு வருகிறது, மென்பொருள் பொதிகளை எந்தக் கருவி நிறுவுகிறது, தொடக்கத்தில் எந்த முகப்பு (திரையில் நாம் புழங்கும் சாளரங்களும் பட்டைகளும்) இருக்கிறது ஆகிய மூன்றில்தான் வேறுபாடு. டெபியன் மெதுவாக நகர்வது, உறுதியானது. உபுண்டு அதிலிருந்து 2004இல் கிளைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதன் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் இயல்பான ஆதரவு உண்டு. பெடோரா ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பைத் தருகிறது. ஆர்ச் லினக்ஸில் பதிப்பு என்பதே கிடையாது, தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு நான் பரிந்துரைப்பது, உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பின்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட். நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் உன்னைப் போல வேலை நடக்க வேண்டும் என்பதே முதன்மையாக உள்ளவர்களுக்கு அது குறைவாகவே தொல்லை தருகிறது.

பென் டிரைவிலிருந்து சோதனை அமர்வாக இயக்கிப் பார்க்கும் வசதியை அவசரத்தில் தாண்டிச் செல்லாதே. வட்டில் ஒன்றையும் எழுதாமல் முழுத் தளமும் பென் டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை, ஒலி, வெளிச்சக் கட்டுப்பாடு, கேமரா எல்லாவற்றையும் பார்த்தபின், மடிக்கணினியை மூடித் தூங்கவைத்து, சிறிது நேரம் கழித்துத் திற. பெரும்பாலோர் சோதிக்க மறப்பதும், பின்னால் மிகுந்த எரிச்சலைத் தருவதும் இந்தத் தூங்கி எழும் செயல்தான். கைரேகை உணரி வேலை செய்யாமல் போகலாம். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்.

விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்வதால் இன்னும் சில ஏற்பாடுகள் தேவை. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள். கணினி தொடங்கும் முறையைத் தீர்மானிக்கும் பூட் அமைப்புகளில் கைவைத்தால் அது கேட்கப்படக்கூடும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அமைப்பை அணைத்துவிடு. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, எனவே அந்தப் பகுதியில் லினக்ஸ் எழுதுவது பாதுகாப்பானதன்று. இரண்டுக்கும் மாறி மாறிச் செல்லும்போது கடிகாரம் சில மணி நேரம் பிசகினால் திகைக்காதே: விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. ஒரு கட்டளையில் சரியாகிவிடும். இதற்கெல்லாம் முன்பாக உன் கோப்புகளின் நகல் வேறொரு வட்டில் இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் நீ செய்ய வேண்டும் என்பதில்லை.

இனி, நீ ஆவலுடன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் அனுப்பிய என் கணினித் திரையின் படத்தைப் பார்த்து, 'இதுவும் லினக்ஸ்தானா, கடைகளில் பார்த்ததைப் போல இல்லையே' என்று கேட்டிருந்தாய். விண்டோஸில் முகமும் உடலும் ஒன்றே. இங்கே முகப்பு தனி மென்பொருள். ஒரே கணினியில் இரண்டு மூன்றை நிறுவி, உள்நுழையும்போது தேர்ந்துகொள்ளலாம். இந்தப் பன்மை திட்டமிட்டு வந்ததன்று, பெரும்பாலும் சண்டையில் பிறந்தது. கேடிஈ என்ற முகப்புத் திட்டத்தை 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியபோது, அது சார்ந்திருந்த க்யூடி நிரலகத்தின் உரிமம் அன்று கட்டற்றதாக இல்லை. அதை ஏற்காதவர்கள் 1997இல் க்னோம் என்ற மற்றொரு முகப்பைத் தொடங்கினார்கள். க்யூடி 2000இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தபின் பிணக்கின் காரணம் மறைந்தது, ஆனால் இரு திட்டங்களும் நிலைத்துவிட்டன. 2011இல் க்னோம் 3 பழைய தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, பிடிக்காதவர்கள் பழைய நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள்; மின்ட் குழுவினர் சின்னமன் என்ற முகப்பை உருவாக்கினார்கள். ஒரு நிறுவனம் தன் தொடக்கப் பட்டியை மாற்றினால் நாம் முணுமுணுக்கத்தான் முடியும். இங்கே முணுமுணுத்தவர்களுக்கு மூல நிரலையே எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. கட்டற்ற மென்பொருளைப் பற்றி நான் படித்த கொள்கை விளக்கங்கள் எல்லாவற்றையும்விட, நாள்தோறும் கண்முன் இருக்கும் இந்த முகப்புகளே எனக்கு அதைத் தெளிவாக விளக்கின.

நான் பயன்படுத்துவது கேடிஈயின் முகப்பான பிளாஸ்மா. ஏறக்குறைய எதையும் மாற்றலாம் என்பதே அதன் சிறப்பும் சிக்கலும். க்னோம் குறைவான அமைப்புகளுடன் ஒழுங்காக இருக்கும். மேற்கொண்டு வேண்டுமென்றால் நீட்சிகளைச் சேர்க்க வேண்டும், அவை க்னோமின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முறிந்துபோகும் வாய்ப்பு உண்டு. நினைவகம் மிகக் குறைந்த கணினி என்றால் எக்ஸ்எப்சிஈ என்ற எளிய முகப்பு போதும். மின்டில் உனக்கு வரப்போகும் சின்னமன், விண்டோஸில் பழகிய கைக்கு அன்னியமாக இராது.

திருத்தியமைப்பது என்றவுடன் எல்லோரும் நிறத்திலும் சின்னங்களிலும் தொடங்குகிறார்கள். நான் விசைப்பலகையில் தொடங்கச் சொல்வேன். நீ தமிழ்99இல் பழகியவன். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 உட்படத் தமிழுக்கான பல அமைப்புகள் கிடைக்கும். மொழி மாற்றும் விசையை உன் விரல் பழகிய இடத்திலேயே வைத்துக்கொள். என் பிளாஸ்மாவில் ஐபஸைவிட எப்சிடிஎக்ஸ் 5 என்ற மற்றோர் உள்ளீட்டுக் கருவி எனக்கு ஒத்துவருகிறது. எனக்குப் பயன்படாத கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றிவிட்டேன், அதனால் இடது சுண்டுவிரலுக்கு ஓய்வு கிடைத்தது. அடுத்தது எழுத்துரு. திரையில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழும், நீண்ட நேரம் மெய்ப்புப் பார்க்கும்போது நோட்டோ செரிப் தமிழும் வைத்திருக்கிறேன். எந்த மொழிக்கு எந்த எழுத்துரு முதலில் வர வேண்டும் என்பதை எழுத்துருக்களை நிர்வகிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் அமைப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், உலாவியிலிருந்து கோப்பு மேலாளர் வரை பெரும்பாலானவை அதைப் பின்பற்றும். பணிப்பட்டையை இடப்பக்கம் நிறுத்தினேன். அகலத் திரையில் உயரம்தான் அரிது, ஒரு பக்கத்தில் இன்னும் இரண்டு வரி தெரிவது நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய ஆதாயமன்று. மெய்ப்புக்கு ஒரு பணியிடம், கடிதங்களுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. நீ திரையில் பார்த்த புதுமை இவ்வளவுதான். நிறம் மட்டும் கடைசியில் ஒரு மழை நாளில் மாற்றியது.

அழகுத் தொகுப்புகளை இறக்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. பிளாஸ்மாவின் 'குளோபல் தீம்' வகைத் தொகுப்புகள் வெறும் படங்கள் அல்ல, நிரலையும் இயக்கக்கூடியவை. 2024 மார்ச்சில் அப்படி ஒன்றை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகள் அழிந்துபோயின. கேடிஈ குழுவினரே அதன்பின் எச்சரிக்கை விடுத்தார்கள். புரியாத கட்டளையை எங்கிருந்தோ எடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஒட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதிலும் முழு அதிகாரத்துடன் கட்டளையை இயக்கும் சூடோ என்று தொடங்கினால் இரட்டிப்பாகப் பொருந்தும்.

என்னைப் பொறுத்தவரை, இத்தனைக்கும் அடிப்படையான விதி ஒன்றுண்டு: மீண்டும் உருவாக்க முடியாத எந்த மாற்றத்தையும் செய்யாதே. விண்டோஸில் அமைப்புகள் பலவும் ரிஜிஸ்ட்ரி என்ற அமைப்புத் தரவுத்தளத்துக்குள் புதைந்திருக்கும். இங்கே உன் விருப்பங்களில் பெரும்பாலானவை உன் ஹோம் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் பெயர்களின்கீழ் மறைந்திருக்கும் எளிய உரைக் கோப்புகள். திறந்து படிக்கலாம், நகலெடுக்கலாம். அவற்றில் முக்கியமானவற்றை நான் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டின் களஞ்சியம் ஒன்றில் வைத்திருக்கிறேன். எந்த வரியை எப்போது, எதற்காக மாற்றினேன் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. நீ கிட் கற்க வேண்டியதில்லை, ஒரு குறிப்பேடு போதும்: நிறுவிய பொதியின் பெயர், மாற்றிய அமைப்பு, அதற்கான காரணம். வேறு கணினிக்கு மாறும்போது, ஹோம் கோப்புறையை நகலெடுத்து அந்தக் குறிப்பேட்டின்படி பொதிகளை நிறுவினால், பழகிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பாய். மாறாக, தளத்தின் உட்பகுதிகளைக் கண்டபடி திருத்தியும், வழங்கலுக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியங்களை அடுக்கடுக்காகச் சேர்த்தும் வைத்தால், அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும் நாளில் எது எதை முறித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இதனோடு சேர்ந்த ஒரு செய்தி. மின்டில் உள்ள டைம்ஷிப்ட், தளத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும் அருமையான கருவி. முதல் நாளே அமைத்துவிடு. ஆனால் அது இயல்பாக உன் ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை. அதை நம்பி உன் கையெழுத்துப் பிரதிகளுக்கு நகல் எடுக்காமல் இருந்துவிடாதே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்விடியா வரைகலை அட்டை இருந்தால் டிரைவரில் கூடுதல் வேலை உண்டு. திரையில் சாளரங்களைக் காட்டுவதற்கு 1987இலிருந்து நீடித்த எக்ஸ்11 முறையிலிருந்து வேலண்ட் என்ற புதிய முறைக்கு மாறும் காலம் இது. பெரும்பாலும் எல்லாம் நடக்கிறது, ஆனால் தமிழ் உள்ளீடு சில செயலிகளில் இன்னும் முரண்டுபிடிக்கிறது. புதிய அச்சுப்பொறிகள் டிரைவர் இல்லாமலே ஓடுகின்றன, பழையவற்றின் கதை ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஆகவே உன் அச்சுப்பொறியின் மாதிரி எண்ணையும், விண்டோஸின் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் தெரியும் வைஃபை, வரைகலை அட்டைப் பெயர்களையும் எழுதி அனுப்பு. பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் உன்னிடம் நிறைய இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டையும், முடிந்தால் அட்டவணைகள் உள்ள ஒன்றையும் சேர்த்து அனுப்பு. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போகின்றனவா என்பதை, நீ வட்டைத் தொடும் முன்பே பார்த்துவிட விரும்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்