முதல் பாடத்தை லேபில் உட்கார்ந்து படி

அன்புள்ள மீனா,

போனில் இதைப் பேசி முடிக்க முடியாது. நீ பேச ஆரம்பித்ததுமே பேரன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் எழுதுகிறேன். அவன் தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

கலிஃபோர்னியாவில் உன் ஊர்ப்பக்கம் இருக்கும் டி அன்சா கம்யூனிட்டி கல்லூரியில் புரோகிராமிங் முதல் பாடம் எடுக்கப்போகிறேன், ஆன்லைனா நேரிலா என்று கேட்டிருந்தாய். நேரில் எடு. வாரத்தில் இரண்டு மாலை மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒன்றும் ஆகிவிடாது.

பாடம் கேட்பதற்காகப் போகச் சொல்லவில்லை. பாடம் கேட்க வீடியோதான் வசதி. நிறுத்தலாம், திரும்பப் போடலாம், உச்சரிப்பு பிடிபடாவிட்டால் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம். நான் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்பைப் போர்டில் எழுதிக்காட்டிய காலத்தில் கடைசி பெஞ்சுக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஆனால் புரோகிராமிங்கைப் பாடம் கேட்டுக் கற்றவர் யாரும் இல்லை. எழுதி, அது ஓடாமல் போய், ஏன் ஓடவில்லை என்று தேடும் நேரத்தில்தான் அது மண்டையில் ஏறும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1 முதல் 10 வரை கூட்டவேண்டும். பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில், எண் வரிசையைத் தரும் ரேஞ்சுக்குள் 1, 10 என்று கொடுத்து லூப் போடுகிறாய். ஓடுகிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. விடை மட்டும் 45. வரவேண்டியது 55. பைத்தானில் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது, 9-லேயே நின்றுவிடும். 11 என்று கொடுத்திருக்கவேண்டும். தெரிந்தவருக்கு இது ஒரு நொடி வேலை. தனியாக உட்கார்ந்திருக்கும் உனக்கு ராத்திரி முழுக்கப் போகலாம், ஏனென்றால் தப்பு என்றுகூட மெஷின் சொல்லவில்லை. வீடியோவில் ஆசிரியர் முதல் தடவையே சரியாக எழுதிவிடுகிறார். 45 வந்தால் எப்படித் தேடுவது என்பதை அவர் காட்டுவதே இல்லை.

எங்கள் லேபில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம், உனக்கும் நினைவிருக்கலாம், விடுமுறையில் வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாயே. சி மொழியில் எழுத நாங்கள் வைத்திருந்த டர்போ சி-யின் நீலத்திரை. கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் புரோகிராம் ஓடும், ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். விடை தப்பென்றால் நான் கீபோர்டைத் தொட விடமாட்டேன். அப்சர்வேஷன் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு மாறிக்கும், அதாவது மதிப்பைப் பிடித்துவைக்கும் பெயருக்கும், ஒரு கட்டம் போட்டு, லூப் ஒவ்வொரு சுற்றிலும் என்ன மதிப்பு வருகிறது என்று பென்சிலால் எழுதச் சொல்வேன். இதற்குப் பெயர் டிரை ரன். பக்கத்துப் பெண்ணுக்கு அதை வாய்விட்டுப் படித்துக்காட்டவேண்டும். பாதி படிக்கும்போதே 'ஐயோ மேடம், கண்டுபிடிச்சுட்டேன்' என்று குரல் வரும். பக்கத்துப் பெண் வாயே திறந்திருக்கமாட்டாள். கேட்க ஓர் ஆள் இருந்ததுதான் அவள் செய்த உதவி.

அதே லேபில் இன்னொரு கூட்டமும் உண்டு. பிராக்டிகலுக்கு முதல் நாள் ஆம்ஸ்ட்ராங் எண் புரோகிராமை மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். 153-இல் 1, 5, 3 மூன்றையும் மும்மடியாக்கிக் கூட்டினால் அதே 153 வரும், அது. பதினைந்து வரியும் செமிகோலன் உட்பட அப்படியே வந்துவிழும். வெளியிலிருந்து தேர்வு நடத்த எக்ஸ்டர்னல் வந்து, 'சரிம்மா, இதையே 1 முதல் 500 வரை உள்ள எல்லா எண்ணுக்கும் பார்க்கிற மாதிரி மாற்று' என்பார். அவ்வளவுதான், முழி பிதுங்கும். வெளியே இன்னொரு லூப் போட்டால் முடிகிற வேலை.

சாட்ஜிபிடியின் உதவியை எடுத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டதற்கும் இதுதான் பதில். அசைன்மென்ட்டை அதனிடம் எழுதி வாங்கினால் அந்தப் பதினைந்து வரி மனப்பாடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, மனப்பாடத்திலாவது கொஞ்சம் உழைப்பு இருந்தது. பிழைச் செய்திக்கு அர்த்தம் கேட்பது வேறு. அதற்கும் முதலில் சிலபஸில் ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார். ஒருவர் அனுமதிப்பார், இன்னொருவர் காப்பி அடித்ததாகவே எடுத்துக்கொள்வார்.

மாப்பிள்ளை சொல்லித்தருகிறேன் என்றாராம். நல்ல மனசு, ஆனால் வேண்டாம். அந்தத் தொழிலில் ஊறியவர்; நீ தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கை கீபோர்டுக்குப் போய்விடும், தப்பும் சரியாகிவிடும், உனக்கு ஒன்றும் வராது. அப்புறம் வீட்டில் சண்டை வேறு. குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அவர் செய்யும் பெரிய உதவி.

ஆன்லைனில் பாதியில் விட்டுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. 2011-இல் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் 20,000-த்துச் சொச்சம். இலவசம் என்பதால் அப்படி என்று நீ சொல்வாய். வாஷிங்டன் மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகளை வைத்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆராய்ந்ததில், கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களும் நேர் வகுப்பைவிட ஆன்லைனில் அதிகம் விட்டுவிட்டுப் போனது தெரிந்தது. உன் கல்லூரியில் செமஸ்டர் இல்லை, அதைவிடச் சின்னப் பருவமான குவார்ட்டர் முறை. இறுதித் தேர்வையும் சேர்த்து 12 வாரம்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போனால், லூப்பைத் தாண்டி அடுத்த பாடமான ஃபங்ஷனுக்குப் போயிருப்பார்கள். நேரில் போனால், என்ன நடந்தது என்று சொல்ல யாராவது ஒருத்தி இருப்பாள்.

எந்த மொழியில் தொடங்குவது, பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா? சி சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள் நான், இதைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் நீ பைத்தான் எடு. கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கும் திட்டம் இருந்தால் சி பிளஸ் பிளஸ்ஸில் தொடங்கச் சொல்வேன். நீ பி.காம் படித்தவள், கணக்கு வழக்குத் தரவுகளோடு வேலை செய்யத்தான் ஆசைப்படுகிறாய். அதற்குப் பைத்தான் போதும்.

கட்டணத்தையும் பார்த்துக்கொள். கலிஃபோர்னியாவாசி என்றால் குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். இல்லையென்றால் பல மடங்கு. நீ அங்கே போய் ஒரு வருடம் தாண்டிவிட்டதே, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், விசா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே கேள். கடைசி நேரத்தில் அலையாதே.

வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்காதே. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த், நம் ஊர் ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெலில் நடத்திய பைத்தான் பாடம் யூடியூபில் இலவசமாக இருக்கிறது. போகப்போகக் கடினம், ஆனால் முதல் வாரம் மட்டும் பார். நாம் பள்ளியில் போட்ட மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) கணக்கிலிருந்து தொடங்குகிறார். 48, 36 இரண்டுக்கும் காரணிகளை எல்லாம் எழுதிப் பொதுவானதில் பெரியதை எடுப்பது ஒரு வழி. 36-இலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, இரண்டையும் வகுக்கும் முதல் எண்ணில் நிற்பது இன்னொரு வழி. யூக்ளிட் வழியில் 48-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி 12. 36-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 12, இரண்டே அடியில். பேப்பரில் மூன்று வழியிலும் போட்டுப் பார்.

ஒருவேளை நேர் வகுப்பு கிடைக்கவே இல்லையென்றால், குறித்த நேரத்தில் ஜூமில் நடக்கும் வகுப்பை எடு. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற வகை வேண்டாம். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த 'எப்போது' வராது. மாணவர்கள் சந்தேகம் கேட்க ஆசிரியர் ஒதுக்கும் ஆபீஸ் ஹவருக்கு முதல் வாரமே போ, சந்தேகம் இல்லாவிட்டாலும் போ.

மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளைக் குறித்துவை. வெயிட்லிஸ்ட்டில் விழுந்தாலும் முதல் நாள் போய் உட்கார்ந்துவிடு. முதல் வகுப்புக்கு வராதவர்களை நீக்கிவிட்டு, வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடம் கொடுப்பது அங்கே வழக்கம்தான்.

அன்புடன்,
அம்மா