குளவியை விட்டதோடு வேலை முடியவில்லை: வேளாண் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண்மை – உழவர் நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் வணக்கம்.

சேலம் மாவட்டம், பெத்தநாயக்கன்பாளையம் வட்டத்தில் மரவள்ளி பயிரிடும் விவசாயி நான். 2021 முதல் நம் மாநிலத்தில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. அதில் ஆராய்ச்சிக்கு என்று எழுதப்படும் தொகை எங்கள் குச்சிக்காட்டு (மரவள்ளி வயல்) வரப்புக்கு எப்படி வந்து சேர்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ஒரு நன்மை செய்யும் பூச்சியையோ புதிய ரகத்தையோ வெளியிடும் நாளோடு ஆராய்ச்சிக்கான நிதி முடிந்துவிடக் கூடாது. விவசாயி அதைத் தன் வழக்கமாக ஆக்கிக்கொள்ளும்வரை அது தொடர வேண்டும்.

சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் மூலப்பொருளான கிழங்கு ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி பக்கத்துக் காடுகளிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் போகிறது. ஆலையில் எங்கள் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே செடியின் நுனி கருகினால் மகசூலும் குறையும், பாயிண்டும் இறங்கும் என்று இரண்டு பக்கமும் எங்களுக்கு நட்டம்.

2020-இல் கேரளத்தின் திருச்சூர் பகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டபோது, அது எங்களுக்கு எட்ட வெகுநாள் ஆகும் என்றுதான் இங்கே பலரும் நினைத்தோம். ஆனால் வெகு விரைவில் வந்துவிட்டது. தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்தப் பூச்சியில் பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே பெருகும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கொழுந்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சினால் இலைகள் சுருண்டு, கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, நுனி முட்டைக்கோசு போலக் குவிந்துவிடும். உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு உள்ளதாலும், சுருண்ட இலைக்குள் ஒளிந்திருப்பதாலும், மேலே தெளிக்கும் மருந்து அதன்மேல் சரியாகப் படுவதே கடினம்.

அந்தச் சமயத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சுருண்ட கொழுந்து ஒன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம். டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். அது கேட்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொரு மருந்தையும் சேர்த்து அடிப்போம். ஆள் கூலி, மருந்துச் செலவு, தெளிப்பவரின் கண்ணெரிச்சல் என்று எல்லாம் போக, மாவுப்பூச்சியைத் தின்று வாழும் பொறிவண்டுகளும் அதோடு செத்துப்போயின. இதில் கடைக்காரரையும் விவசாயியையும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கடை நாள்தோறும் திறந்திருக்கிறது, கேட்டால் உடனே பதில் கிடைக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையும் அதே அளவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் விவசாயி தெளிப்பானைக் கீழே வைப்பார்.

இந்தப் பூச்சிக்குத் தீர்வு ஏற்கெனவே உலகில் இருந்தது. 1970-களில் இதே மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவில் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்தபோது, அதன் பூர்வீக நிலத்திலேயே அதன் எதிரியைத் தேடிப் போனார்கள். பராகுவே நாட்டில் 1981-இல் கிடைத்த அனகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி, அந்தக் கண்டத்தின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தாய்லாந்தில் 2008-இல் மாவுப்பூச்சி தென்பட்டதும், அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து இதே குளவியை வரவழைத்துக்கொண்டார்கள்.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இக்குளவியைத் தருவித்தது. தனிமைப்படுத்தி வைத்து, நம் நாட்டு நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இதனால் கேடு வருமா என்று சோதித்த பிறகு, 2022 மார்ச் 7 அன்று எங்கள் வட்டத்திலுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் நாட்டிலேயே முதன்முறையாக வயலில் விட்டார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கள் வரிப்பணம் இதைவிட நல்ல முறையில் செலவானதை நான் கண்டதில்லை.

பின்னர் எங்கள் ஊர்ப் பக்கமும் குளவியைக் கொண்டுவந்தார்கள். காலை வெயில் ஏறும் முன்பே பிளாஸ்டிக் டப்பாக்களுடன் வந்தவர்கள், மாவுப்பூச்சி அதிகமாக இருந்த செடிகளாகப் பார்த்து, கொழுந்துக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து சாய்த்துப் பிடித்தார்கள். எள்ளைவிடச் சிறிய அந்தப் பூச்சி பறந்ததா, நடந்ததா என்பதே பலருக்குத் தெரியவில்லை. கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர், “ஏனுங்க சார், இது நம்ம மாட்டையோ கொழந்தைங்களையோ கடிக்காதுங்களா? நாளைக்கு மாவுப்பூச்சி தீர்ந்துட்டா கிழங்கத் திங்க ஆரம்பிச்சிராதுங்களா?” என்று கேட்டார். வந்த விஞ்ஞானி சிரித்து ஒதுக்கிவிடவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, கைலென்சைக் கொடுத்து, தாய்க் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் என்றும், உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்றே வளரும் என்றும், மாவுப்பூச்சி பழுப்பு நிறத்தில் இறுகிக் கூடுபோல் ஆன பின் அதில் ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும் என்றும் ஒவ்வொன்றாக விளக்கினார். மாவுப்பூச்சியைத் தவிர வேறெதிலும் அது பிழைக்க முடியாது என்றார்.

அவர் மீண்டும் மீண்டும் வந்ததுதான் முக்கியம். வரும்போதெல்லாம் கொழுந்துகளைப் பிரித்துப் பார்த்து, உயிருள்ள மாவுப்பூச்சி எத்தனை, ஓட்டை விழுந்த கூடு எத்தனை என்று எங்களையே எண்ணச் சொன்னார். எங்கள் கையாலேயே கூட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் எங்கள் ஊரில் மருந்தடிப்பதை நிறுத்தும் தைரியம் வந்தது. துண்டுப் பிரசுரமும் கைபேசிக் குறுஞ்செய்தியும் அந்தத் தைரியத்தைத் தந்திருக்காது. ஏனெனில் குளவியை விட்ட முதல் சில வாரங்களில் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மாவுப்பூச்சி அப்படியேதான் இருக்கும். அந்த வாரங்களில் பக்கத்தில் ஒருவர் இருந்து “பொறுங்கள்” என்று சொல்லாவிட்டால், கை தானாகத் தெளிப்பானுக்குப் போகும். ஒரு தடவை அடித்தால் போதும், விட்ட குளவி அத்தனையும் போய்விடும். தன் காட்டில் அடிக்காமல் இருந்தாலும், அடுத்த வரப்புக்காரர் அடித்தால் பாதிப்பு இருவருக்கும்தான். ஆகவே குளவியை ஒரு விவசாயியிடம் கொடுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. சேர்ந்தாற்போல் உள்ள காடுகளின் சொந்தக்காரர்கள் அனைவரையும் உட்காரவைத்துப் பேசும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளமும் வண்டிக்கான டீசலும்தான் ஆராய்ச்சித் திட்டங்களில் முதலில் வெட்டப்படுகின்றன.

எங்கள் பகுதியில் இது நடந்ததைப் பார்த்தேன். ஒரு திட்டக் காலம் முடிந்ததும், அதில் தற்காலிகமாகப் பணியாற்றிய களப் பணியாளர்கள் வருவது நின்றது. நிலையத்திலிருந்த நிரந்தர விஞ்ஞானிகள் முடிந்தவரை வந்தார்கள். ஆனால் எத்தனை ஊருக்கு அவர்கள் போக முடியும்? அடுத்த கோடையில் மாவுப்பூச்சி மறுபடி தலைகாட்டியபோது, குளவியைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில் மருந்து டப்பாக்கள்தான் மறுபடி வரப்பில் குவிந்தன. கோடையில்தான் மாவுப்பூச்சி பெருகும், மழை பெய்தால் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கோடைக்கு முன்பே குளவியைப் பெருக்கித் தயாராக வைத்திருப்பதற்கு, தொட்டியில் மரவள்ளி வளர்த்து, அதில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிதியாண்டு முடிவதைப் பார்த்து நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கக்கூடிய வேலை இல்லை இது.

இத்தகைய செலவு திரும்பி வருமா என்று நிதித் துறையினர் கேட்பது நியாயம்தான். அதற்கு நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி எனப் பல பயிர்களில் பரவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிகள் தருவிக்கப்பட்டு, பல்கலைக்கழகமும் துறையும் சேர்ந்து அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கின. அதனால் விளைந்த நன்மை ஐந்தாண்டுகளில் ஐம்பது கோடி டாலருக்கும் அதிகம் என்று பொருளியல் ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டார்கள். எங்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. அந்த மாவுப்பூச்சிக்காக மருந்தடிப்பதை நாங்கள் இன்று நினைப்பதுகூட இல்லை.

சேர்வராயன் மலைக்கு மேலே காபி பயிரிடுவோரைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சி தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதும், தண்டில் சுண்ணாம்புக் கரைசல் அடிப்பதும், நிழல் மரங்களைக் குறைக்காமல் காப்பதும் அங்கே பழக்கமாகிவிட்ட முறைகள். கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925 முதல் தொடர்ந்து இயங்கும் காபி ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்பு பின்னால் இருப்பதால்தான் அது கைகூடியது. மலையடிவாரத்தில் உள்ள எங்களுக்கும் அந்தத் தொடர்ச்சி வேண்டும் என்று கேட்கிறேன்.

மரவள்ளியின் தேமல் நோய்க்கும் இதே நிலைதான். அது வெள்ளை ஈயால் பரவுவதோடு, நோயுள்ள செடியிலிருந்து வெட்டிய கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வழியாகவும் பரவுகிறது. எங்கள் ஊர்களில் பெரும்பாலும் நாங்களே கரணையால் அதைக் காட்டுக்குக் காடு கொண்டுபோகிறோம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒரு செடியிலிருந்து ஆண்டுக்குப் பத்துக் கரணைதான் தேறும் என்பதால், நெல்விதை போல ஒரு பருவத்தில் மாவட்டம் முழுவதும் பரப்ப முடியாது. இரு கணு உள்ள சிறு கரணைகளை நாற்றங்காலில் வளர்த்து வேகமாகப் பெருக்கும் முறையும் அதே நிறுவனத்தில் உருவானதே. அதை ஊர் மட்டத்தில் செய்வதற்குத்தான் பணமும் ஆளும் இல்லை. இதோடு, புதிய ரகம் என்றவுடன் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை பாயிண்ட் கொடுக்கும்?” என்பதே. ஆலைக்காரர்கள் முன்னிலையில், எங்கள் மண்ணில் விளைந்த கிழங்கை வைத்து அதற்கு விடை சொல்லாத வரையில் எந்த ரகமும் இங்கே நிலைக்காது.

ஆகவே வரும் வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஏத்தாப்பூர் நிலையத்தின் குளவி வளர்ப்புக் கூடத்துக்கு நிரந்தரப் பணியிடங்களும், ஆண்டுதோறும் தடைபடாத நிதியும் ஒதுக்குங்கள். அங்கே பயிற்சி பெற்ற மகளிர் குழுக்களும் உழவர் குழுக்களும் ஒன்றியந்தோறும் குளவி வளர்க்க உதவி செய்யுங்கள். எங்கள் பெண்கள் பட்டுப்புழுவை வளர்த்துப் பழகியவர்கள், இதையும் செய்வார்கள். எந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தாலும், வெளியீட்டுக்குப் பின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் களத்தில் கண்காணிக்கும் செலவை அதிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்ந்தாற்போல் நிலமுள்ளவர்கள் மருந்தடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு சோதனைக்கு முன்வந்தால், அந்தப் பருவத்தில் அவர்களுக்கு மகசூல் குறைந்தால் ஈடு செய்ய ஒரு தொகையை ஒதுக்குங்கள். குத்தகைக்கு உழுபவர் அந்த அபாயத்தைத் தனியாகத் தாங்க முடியாது. நோயற்ற கரணை நாற்றங்கால்களை ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி பகுதிகளில் தொடங்குங்கள். ரகச் சோதனைகளில் சேகோ ஆலை உரிமையாளர்களையும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளவி விடும் இடம் வேண்டும் என்றாலும், கரணை நாற்றங்காலுக்கு நிலம் வேண்டும் என்றாலும் தருவதற்கு என்னைப்போல் இங்கே பலர் தயாராக இருக்கிறோம். நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய கருத்துக் கேட்புக் கூட்டம் சேலத்தில் நடந்தால், அங்கே நேரில் வந்து பேசவும் ஆயத்தமாக உள்ளோம். கூட்டத்தின் நாளை முன்கூட்டியே அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அறுவடைக் காலமாக இருந்தால் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி,
பெத்தநாயக்கன்பாளையம் வட்டம், சேலம் மாவட்டம்.