சக்கையில் மருந்து இருக்கிறது, சரி, தூளில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழத்தோலில் மருந்து இருப்பதாக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைத் தம்பி வெட்டியெடுத்து, பாதி வரிகளுக்கு அடிக்கோடும் போட்டுக் கொண்டுவந்தான். "அக்கா, இதையா இத்தனை வருஷம் மாட்டுக்குப் போட்டீங்க?" என்று கேட்டான். நான் 27 ஆண்டுகள் ஒரு பழச்சாறு ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தவள். மாட்டுக்குப் போட்டது உண்மைதான்.

கட்டுரை சொன்னதும் பொய்யில்லை. ஆரஞ்சைப் பிழிந்தால் ஏறக்குறைய பாதி எடை தோலும் சக்கையுமாக மிஞ்சும். தோலின் உள்பக்கத்து வெள்ளைப் பகுதியில் இருக்கும் ஹெஸ்பெரிடின் என்ற பொருளை 1828இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதை வேதிமுறையில் மாற்றினால் டையாஸ்மின் என்ற மருந்துப்பொருள். காலில் இரத்தநாளம் சுருண்டு வீங்குவதற்கும் மூலத்துக்கும் பல நாடுகளில் தரும் மாத்திரையில் டையாஸ்மின் 450 மில்லிகிராம், ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம். அன்னாசி அறுத்தபின் நிற்கும் அடித்தண்டிலிருந்து எடுக்கும் நொதிகளைக் கொண்டு, தீக்காயத்தில் செத்துப்போன தோலைக் கரைத்தெடுக்கும் மருந்து வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் அதற்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் கட்டுரை "இருக்கிறது" என்பதிலிருந்து ஒரே தாவலில் "காயவைத்துப் பொடித்துச் சாப்பிடலாம்" என்பதற்குப் போய்விட்டது. நடுவில் இருப்பது எனக்குத் தெரியும், அதில்தான் என் வேலைக்காலம் போனது.

பிழிந்த தோல் குவியலுக்குள் மறுநாள் கைவிட்டால் சுடும். அவ்வளவு வேகமாகப் புளிக்கும். தீவனத்துக்குப் போகிற தோலில் சுண்ணாம்பு கலந்து தண்ணீரை இறக்கிக் காயவைப்போம். ஜாமை இறுகவைக்கும் நார்ப்பொருளான பெக்டினை எடுக்கப் போகிற தோலில் சுண்ணாம்பைக் காட்டவே மாட்டோம். அதை உடனே கழுவி, சூடுகாட்டி, தோலில் இருக்கும் நொதியை அடக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே பெக்டினைக் கெடுத்துவிடும். ஆப்பிள் சக்கை இன்னும் வம்பு. அழுகல் பழம் நாலு சேர்ந்தாலே பூஞ்சையின் பாட்டுலின் நஞ்சு ஏறிவிடும். சாற்றில் அதற்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு, நாங்கள் அளப்போம். வீட்டில் காயவைத்த பொடியை யார் அளக்கிறார்கள்? பழத்தின் மேல் அடித்த பூச்சிமருந்தும் மெழுகும் தங்குகிற இடமும் தோல்தான்.

அப்புறம் அளவு. பெக்டின் இரத்தக் கொழுப்பைச் சீராக வைக்க உதவுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றது 2010இல். ஆனால் நாளுக்கு 6 கிராம் வேண்டும். உலர்ந்த ஆப்பிள் சக்கையில் பெக்டின் நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான். கணக்குப் போட்டால் தினம் 40 முதல் 60 கிராம் சக்கை! கட்டுரை சொன்னதோ ஒரு தேக்கரண்டி.

தம்பி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவன் என்பதால்தான் எனக்குக் கூடுதல் கவலை. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும்போது, மதுவின் சுவையை மறைக்க, ஆரஞ்சு இனத்துப் பழமான கிரேப்ஃப்ரூட்டின் சாற்றைக் கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் பலமடங்கு எகிறியது. குற்றவாளி மது இல்லை, சாறு. குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. அதற்குக் காரணமான பொருள்கள் அந்தப் பழத்தின் தோலிலும் உண்டு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொட்டைகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். ஏப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்பில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருள் உடலுக்குள் சயனைடை விடும். புற்றுநோயாளிகள் 178 பேரிடம் அதைக் கொடுத்துப் பார்த்து, பயனில்லை என்று 1982இல் முடிவை வெளியிட்டுவிட்டார்கள். இன்னும் அதை எழுதுவது ஏன்?

இனி இப்படிக் கட்டுரை வந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மூன்று விவரம் போடுங்கள்: சோதித்தது சோதனைக்குழாயிலா, எலியிலா, மனிதரிலா, எத்தனை கிராம், எந்த மருந்தோடு சேரக்கூடாது. இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்குங்கள், அந்த ஆரஞ்சுப் படம் அரைப் பக்கம் இருந்தது.

தம்பி ஏற்கெனவே ஒரு டப்பா தூள் வாங்கிவிட்டான். மாத்திரைச் சீட்டோடு அதையும் மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழச்சாறு ஆலையில் ஓய்வுபெற்ற ஒரு வேதியியலாளர்