'உள்ளூர் வழிகாட்டி' என்று சொல்லி யாரை அனுப்பினீர்கள்?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: ஜோகன்னஸ்பர்க் விடுதலைப் போராட்டத் தடம், ஒருநாள் சுற்றுலா – கட்டணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

மகள் வீட்டுக்குத் தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது நானும் என் மனைவியும் உங்கள் மூலம் இந்தச் சுற்றுலாவுக்குத் தலைக்கு 7,500 ரூபாய் கட்டினோம். இதைவிட மலிவாக ஒரு பஸ் சுற்று இருப்பதாக மகள் சொன்னாள். உங்கள் பயணத்திட்டத்தில் இருந்த இரண்டு வரிகளுக்காகத்தான் உங்களிடம் வந்தேன். ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி. இன்னொன்று, பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில், காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி. இரண்டுமே இல்லை.

வந்தவர் வெறும் ஓட்டுநர். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் தன் வேலை, வழிகாட்டி வராததால் காலையில்தான் தன்னை அனுப்பினார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல பையன். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். நியூடவுனில் ஹமீதியா மசூதியைக் கடந்தபோது, "பழைய மசூதி" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தாமலே போனார். 1908 ஆகஸ்ட் 16 அன்று காந்தி தலைமையில் இந்தியர்கள், தங்கள்மேல் சட்டம் திணித்த பதிவுச் சான்றிதழ்களை, இரண்டாயிரத்துக்கும் மேல், கொப்பரையில் போட்டுக் கொளுத்திய இடம் அது. அதைச் சொல்ல ஆள் வேண்டும் என்றுதானே காசு கட்டினேன்?

சோவெட்டோவின் ஆர்லாண்டோ வெஸ்டில், மாணவர் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டுக் கொன்ற சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் நினைவிடம். குண்டடிபட்ட அவனை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுவதை சாம் நிசிமா எடுத்த அந்தப் புகைப்படத்தைக் காட்டி, "தூக்கிக்கொண்டு ஓடுவது அவனுடைய அண்ணன்" என்றார். அண்ணன் இல்லை ஐயா. ம்புயிசா மகுபோ என்ற 18 வயதுப் பையன், உறவே கிடையாது. போலீஸ் தொல்லையில் நாட்டைவிட்டே ஓடினவன், என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்தில் கதறிக்கொண்டு ஓடும் பெண்தான் கூடப்பிறந்தவள், அக்கா ஆன்டோனெட். 1976 ஜூன் 16 அன்று, வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் பாடம் படிக்க வேண்டும் என்று திணித்ததற்காகத் தெருவில் இறங்கிய பிள்ளைகள் அவர்கள். 1965-இல் எங்கள் ஊரிலும் பிள்ளைகள் மொழிக்காக ஊர்வலம் போனதைப் பார்த்தவன் நான். அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்பட்டேன். பக்கத்திலேயே இருந்த அருங்காட்சியகத்துக்குள் போகக்கூட நேரமில்லை என்று கிளப்பிவிட்டார். அப்புறம் விலகாசி தெரு. மண்டேலா, டுட்டு என்று நோபல் பரிசு பெற்ற இருவர் குடியிருந்த தெரு என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

நேரம் எங்கே போனது தெரியுமா? ஒரு பரிசுப்பொருள் கடையில் ஒன்றேகால் மணி நேரம். அது திட்டத்திலேயே இல்லை. கடையிலிருந்து கிளம்பும்போது, கல்லறைத் தோட்டம் மூடியிருக்கும், இனிப் போக முடியாது என்றார். வள்ளியம்மைக்கு வைக்க என் மனைவி காலையிலேயே வாங்கிய பூ, வண்டியின் கண்ணாடி ஓரத்தில் வெயிலில் கருகிக் கிடந்தது.

மறுநாள் நாங்களே டாக்ஸி பிடித்துப் போனோம். வாசலில் இருந்த காவலாளியிடம் பெயரைச் சொன்னோம். எங்களைக் கேள்விகூடக் கேட்காமல் முன்னால் நடந்தார். சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறே வயதில் இறந்துபோன பெண். அவள் தாயாரின் ஊரான தில்லையாடி, மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவளைப் போலவே சத்தியாக்கிரகத்தில் சிறை போய், அதனால் செத்த நாகப்பனின் கல்லையும் அந்தக் காவலாளியே காட்டினார். பத்து நிமிடத்தில் அவர் செய்ததுதான் உள்ளூர் வழிகாட்டியின் வேலை.

எனவே இருவர் கட்டணம் 15,000 ரூபாயில் பாதியையும் டாக்ஸிச் செலவையும் திருப்பித் தர வேண்டும். வழிகாட்டிக்கென்று எங்களிடம் வாங்கிய தொகை சோவெட்டோவில் யார் கைக்காவது போனதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். போகவில்லை என்றால் அந்த வரியைப் பயணத்திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இணைப்பு: கட்டண ரசீது, பயணத்திட்ட நகல், டாக்ஸி ரசீது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மயிலாடுதுறை.