மதுரைக்கு ஒரு பொது மரபணு ஆய்வகம் வேண்டும்

மதுரை மருத்துவக் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகம், தோப்பூர் எய்ம்ஸ், இங்குள்ள அறக்கட்டளை மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள் ஆகியவற்றை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பது என் வேலை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் கருவியான சீக்வென்சரை ஆளுக்கொன்றாக வாங்க வேண்டாம். எல்லோரும் சேர்ந்து ஒரே ஆய்வகத்தை நடத்துங்கள்.

சீக்வென்சரை ஒரு முறை ஓட்டினால், அதாவது ஒரு ரன் போட்டால், டிஎன்ஏவை வைத்துப் படிக்கும் ‘ஃப்ளோ செல்’ என்ற கண்ணாடித் தகடும் ரசாயனங்களும் அதோடு தீர்ந்துவிடும். உசிலம்பட்டி பஸ்ஸில் ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் டீசல் கிட்டத்தட்ட அதே அளவுதான் ஆகும். இதுவும் அப்படித்தான். ஒரு மருத்துவரிடம் எட்டு நோயாளிகளின் சாம்பிள் இருக்கும். அதை வைத்துத் தனியாக ரன் போட்டால் கட்டுப்படியாகாது. இன்னும் ஆள் சேரட்டும் என்று காத்திருந்தால் முதுநிலை மாணவரின் மூன்று வருடம் முடிந்துவிடும்.

பொது ஆய்வகத்தில் இதற்கு எளிய வழி உண்டு. ஐஸ் மேல் வைத்த சின்னச் சின்ன டியூப்களில், ஒவ்வொருவருடைய டிஎன்ஏ துண்டுகளின் நுனியிலும் அவருக்கு மட்டுமே உரிய ஒரு குட்டி டிஎன்ஏ தொடரை ஒட்டுவோம். அதுதான் அவருடைய அடையாளச் சீட்டு. பிறகு கண் மருத்துவரின் எட்டு, இதய மருத்துவரின் இருபது, காசநோய் ஆய்வாளரின் முப்பது என எல்லாவற்றையும் ஒரே டியூப்பில் கலந்து ஓட்டலாம். எந்தத் தொடர் யாருடையது என்று கணினி பிரித்துக் கொடுத்துவிடும். செலவும் எல்லோருக்கும் பங்காகப் பிரிந்துவிடும்.

ஆனால் கருவியைவிடப் பெரிய உதவி, சாம்பிள் எடுப்பதற்கு முன் நடக்கும் பேச்சுதான். ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) பார்க்க வேண்டிய ரத்தத்தைச் சாதாரண ஊதா மூடி டியூப்பில் எடுத்து, மே மாத வெயிலில் அரை நாள் வைத்திருந்து கொண்டுவருகிறார்கள். அதற்குள் ஆர்என்ஏ சிதைந்திருக்கும். நோயாளிகளின் சாம்பிளை ஒரு வாரமும் நலமானவர்களின் சாம்பிளை வேறொரு வாரமும் தயார் செய்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, வாரத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாளராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் முதலிலேயே எடுத்துச் சொல்ல, தினமும் இதே வேலையைச் செய்யும் ஒருவர் வேண்டும். அப்புறம் வந்து குவியும் தரவைப் படித்துக் காட்ட இன்னொருவரும் வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் வந்த குழந்தையின் தம்பியையோ தங்கையையோ நினைத்துப் பாருங்கள். அந்தச் சின்னக் குழந்தைக்கும் விழித்திரையில் கட்டி வருகிறதா என்று, மயக்கம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கும். மூத்த குழந்தைக்கு ஆர்பி1 மரபணுவில் பரம்பரையாக வரக்கூடிய மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், இளையதுக்கு அந்த ஒரு துண்டை மட்டும் படித்தால் போதும். மாற்றம் இல்லையென்றால் மயக்க மருந்தும் வேண்டாம், கிராமத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு வரும் அலைச்சலும் வேண்டாம்.

இதெல்லாம் மதுரையால் முடியாத காரியமில்லை. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்றும், தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது என்றும் 2009இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வில் காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. மருத்துவமனைப் படுக்கையும் பல்கலைக்கழக மேசையும் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வு நடக்கும்.

உலக மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். அதனால் நம் நோயாளிகளிடம் காணும் மாற்றங்கள் பலவற்றுக்கு ‘பொருள் தெளிவாகவில்லை’ என்றே அறிக்கை வருகிறது. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெரிய உதவிதான். ஆனாலும் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் பகுதியில், குடும்பங்களுக்குள் அரிதாகத் தலைகாட்டும் மாற்றங்களை இங்கே இருப்பவர்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி, தன் அறிக்கையைத் தன் பீரோவில் வைத்துக்கொண்டால் அது நடக்காது.

கருவிக்கு மானியம் கிடைத்துவிடும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஜெனரேட்டரோடு கூடிய மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கும் வருடா வருடம் பணம் ஒதுக்குங்கள். அதைவிட முக்கியம், ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நிரந்தர வேலை. திட்டம் முடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டால், அவர் கற்றதும் அவரோடு போய்விடும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக, வெளிப்படையாக இருக்கட்டும். சின்னக் கல்லூரி மாணவருக்குக் குறைத்துக் கொடுங்கள். நோயாளியிடம் வாங்கும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். அவருடைய தரவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை ஆய்வகம் திறக்கும் முன்பே எழுதி முடிவு செய்யுங்கள்.

முதல் கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். அதற்கு முதுநிலை மாணவர்களையும் ஆய்வகப் பணியாளர்களையும் கூப்பிடுங்கள். எந்த ஃப்ரீசரில் என்ன சாம்பிள், எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மதுரை ஆய்வகப் பணியாளர் ஒருவர்