600 ரூவாய வச்சுக்கிட்டு எப்படி வேலை தேடுறது?

ஆசிரியருக்கு வணக்கம். வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு 5 வருஷம் ரெனியூவல் விடாம காத்துக் கிடந்தாத்தான் வேலையில்லாதவங்களுக்கு அரசு குடுக்குற உதவித்தொகையே, அதுவும் டிகிரிக்கு மாசம் 600, பிளஸ் டூக்கு 400, பத்தாவது பாஸுக்கு 300, மூணு வருஷத்தோட அதுவும் கட். என் தம்பி பி.காம், வயசு 33. குடும்ப வருஷ வருமானம் 72,000க்குள்ளதான்னு கையெழுத்து வாங்கவே நாலு நடை, பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமே ஒரு மாசப் பணம் போச்சு (ஸ்டாம்பு மங்கலா இருக்குன்னு ஒரு தடவ திருப்பி வேற விட்டாங்க). சரி, காசு கம்மின்னே வச்சுக்குவோம், வருஷா வருஷம் உறுதிமொழி படிவம் குடுக்கப் போறானே, அப்பவாச்சும் உனக்கு டேலி கணக்கு சாஃப்ட்வேர் தெரியுமா, ஜிஎஸ்டி பில் போடுவியான்னு ஒருத்தர் கேட்டதில்ல, வேலை இல்லன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பிடுறாங்க. அரசோட 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் காலேஜ் பசங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, முப்பதத் தாண்டி வீட்ல உக்காந்திருக்கவங்க எங்க போறது? அந்தப் படிவம் குடுக்குற அன்னைக்கே பக்கத்து மில்லுலயோ ஆடிட்டர் ஆபீஸ்லயோ ரெண்டு மாசம் சம்பளத்தோட ட்ரெயினிங்குக்கு அனுப்புங்க. வேலை கிடைச்சாலும் முதல் சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் உதவித்தொகைய நிறுத்தாதீங்க, அந்த மாச பஸ் காசுக்கு யார்கிட்ட போய் நிக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்